புகையிலைக் கணக்கெடுப்புகளை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் எத்தனை பேர் புகைக்கிறார்கள், எத்தனை பேர் புகையிலை மெல்லுகிறார்கள், எத்தனை பேர் விட முயல்கிறார்கள் என்பதை அறிய நமக்கிருக்கும் மிக விரிவான ஆதாரம் உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வு. சுருக்கமாக கேட்ஸ் என்பார்கள். முதல் சுற்றை 2009-10இல் மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தியது. இரண்டாம் சுற்றை 2016-17இல் டாடா சமூக அறிவியல் நிறுவனம் நடத்தியது. இவ்விரண்டுக்கும் இடையில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவோர் 34.6 சதவீதத்திலிருந்து 28.6 சதவீதமாகக் குறைந்தார்கள். தலைக்கணக்கில் 27.49 கோடி 26.68 கோடியானது. அதாவது 81 இலட்சம் பேர் குறைவு.

இது நல்ல செய்தி. ஆனால் அதே செய்தி "81 இலட்சம் பேர் புகையிலையை விட்டுவிட்டார்கள்" என்று மேடைகளிலும் கட்டுரைகளிலும் உருமாறும்போது பொய்யாகிவிடுகிறது. அந்த ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை.

குறைவு வேறு, விடுதல் வேறு

புகையிலை பயன்படுத்துவோரின் தொகை மூன்று வழிகளில் குறையும். பழகியவர்கள் விடலாம். பழகியவர்கள் இறக்கலாம். புதிதாக வளர்ந்து வருகிறவர்கள் பழகாமலே இருக்கலாம். கேட்ஸ் போன்ற ஆய்வு ஒவ்வொரு சுற்றிலும் வெவ்வேறு ஆட்களைச் சந்திக்கிறது. 2009இல் பேட்டி கொடுத்த பீடிக்காரர் 2016இல் என்ன ஆனார் என்பது அதற்குத் தெரியாது. ஒரே ஆளை ஆண்டுதோறும் தேடிப்போய்க் கேட்கும் தொடர் ஆய்வுகள்தான் அதைச் சொல்ல முடியும். அவை செலவு பிடிப்பவை, சில மாநிலங்களோடு நின்றுவிடுபவை.

அப்படியானால் அந்த ஏழாண்டில் என்னதான் நடந்தது? ஆய்வுக்குள்ளேயே தடயங்கள் இருக்கின்றன. 15 முதல் 24 வயது வரையுள்ளவர்களில் புகையிலை பயன்படுத்துவோர் 18.4 சதவீதத்திலிருந்து 12.4 சதவீதமாகச் சரிந்தார்கள். அந்த வயதில் விட்டவர்கள் சிலரே இருக்க முடியும், பெரும்பங்கு தொடங்காதவர்களுடையது. இன்னொரு பக்கம், கடந்த 12 மாதங்களில் விட முயன்ற புகைப்பவர்கள் முதல் சுற்றில் 38.4 சதவீதம், இரண்டாம் சுற்றில் 38.5 சதவீதம். மெல்லுபவர்களில் அது 35.4இலிருந்து 33.2ஆகச் சற்று இறங்கவும் செய்தது. முயன்றவர்களில் வென்றவர்கள் கூடியிருக்கலாம், அது தனிக் கேள்வி. ஆனால் இந்த எண்களை ஒருசேர வைத்துப் பார்த்தால், இளைஞர்கள் பழகாமல் இருப்பதில்தான் நாம் முன்னேறியிருக்கிறோம். ஏற்கெனவே பழக்கத்தில் சிக்கியவர்களுக்கு நாம் செய்த உதவி போதவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. "81 இலட்சம் பேர் விட்டார்கள்" என்று எழுதுகிறவர் அறியாமலே இந்த இரண்டாம் உண்மையை மறைத்துவிடுகிறார். புகையிலைப் பழக்கத்தை விட உதவும் விடுவிப்பு மையங்களுக்கான பணமும் ஆளும் அங்கேதான் குறைகின்றன.

இதே இடத்தில் இன்னொரு சறுக்கலும் உண்டு. 34.6இலிருந்து 28.6 என்பது 6 சதவீதப் புள்ளிகள் குறைவு. விகிதத்தில் அது ஏறக்குறைய 17 சதவீதக் குறைவு. தலைக்கணக்கிலோ மக்கள்தொகை வளர்ந்ததால் 3 சதவீதம்தான். மூன்றும் சரி. எதைச் சொல்கிறோம் என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு.

யாரைப் பற்றிக் கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள்

தேசிய குடும்ப நல ஆய்வின் நான்காம் சுற்று 2015-16இல் நடந்தது. புகையிலை பயன்படுத்தும் பெண்கள் 6.8 சதவீதம் என்றது. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றின் சுருக்க அறிக்கையில் 8.9 சதவீதம் என்று இருந்தது. பெண்களிடையே புகையிலை பெருகுகிறது என்ற முடிவு உடனே கைக்கு வந்துவிடும். ஆனால் முதல் எண் 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கானது. இரண்டாவது 15 வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பெண்களுக்கும் உரியது. வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிமார் இரண்டாம் கணக்கில் மட்டுமே இருக்கிறார்கள். ஐந்தாம் சுற்றிலும் 15 முதல் 49 வயதை மட்டும் பிரித்துப் பார்த்தால் அந்த எண் 4 சதவீதம்தான். கூடவில்லை, குறைந்திருக்கிறது.

வயது மட்டுமல்ல, பதில் சொன்ன ஆளும் மாறிவிட்டார். 15 வயதுக்கு மேற்பட்டோர் எண் வீட்டு வினாத்தாளிலிருந்து வந்தது. வீட்டில் ஒருவர், எல்லாருக்குமாகச் சேர்த்துப் பதில் சொல்கிறார். மகன் கல்லூரிக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடிப்பதை அம்மா எப்படி அறிவார்? அறிந்தாலும் வாசலில் நிற்கும் அந்நியரிடம் சொல்வாரா?

கேட்ஸ் வேறு முறையில் நடக்கிறது. ஒரு வீட்டில் ஒருவரை மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவரிடமே கேட்கிறது. அது முழுக்க முழுக்கப் புகையிலைக்கான ஆய்வு. பீடி, சிகரெட், கைனி, குட்கா, புகையிலை சேர்த்த வெற்றிலை, பல்லில் தேய்க்கும் பொடி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறது. 2016-17இல் அது கண்ட பெண்களின் அளவு 14.2 சதவீதம். ஏறத்தாழ அதே காலத்துக் குடும்ப நல ஆய்வு சொன்னதோ 6.8. வயது வரம்பு வேறு என்பதால் ஒரு பகுதி வித்தியாசம் வரும். மீதி, கேள்வி எந்தச் சூழலில் எப்படிக் கேட்கப்பட்டது என்பதிலிருந்து வருகிறது. குழந்தைப்பேறு, தடுப்பூசி, சத்துணவு என்று நீளும் பேட்டியின் நடுவில் புகையிலை பற்றிய கேள்வி வரும்போது, "இல்லை" என்று சொல்லிக் கடப்பது எளிது. ஓர் ஆய்வின் எண்ணை மற்றோர் ஆய்வின் எண்ணுக்கு அடுத்த ஆண்டாக வைத்துக் கோடு வரையவே கூடாது. அந்தந்த ஆய்வை அதன் முந்தைய சுற்றோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மறைத்துச் சொல்வது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதற்குத் தென்கொரியா ஒரு சான்று. 2008இல் நடந்த அந்நாட்டுத் தேசிய உடல்நல ஆய்வில், வாய்மொழிப் பதிலோடு சிறுநீரில் கோட்டினின் அளவும் பார்த்தார்கள். நிகோடின் உடலில் சிதைந்து உருவாகும் பொருள் அது. ஆண்களின் பதிலுக்கும் சோதனைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெண்களிலோ, சோதனை காட்டிய அளவு அவர்கள் சொன்னதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. பெண் புகைப்பதைக் குற்றமாகப் பார்க்கும் பிற சமூகங்களுக்கும் இது பொருந்தக்கூடும். இந்தியாவில் புகைக்கும் பெண்கள் 2 சதவீதம் என்று கேட்ஸ் சொல்வதைக் குறைந்தபட்ச அளவாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

வீடுவீடாகச் செல்லும் எந்த ஆய்வும் விடுதிகளில் தங்கியிருப்பவர்களையும், கட்டடப் பணியிடக் கொட்டகைகளில் தூங்குகிறவர்களையும் போதுமான அளவு எட்டுவதில்லை. அதேபோல் 13 முதல் 15 வயது மாணவர்களிடையே நடக்கும் உலக இளையோர் புகையிலை ஆய்வு 2019இல் 8.5 சதவீதம் என்று கண்டது பள்ளிக்குள் இருக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான். பள்ளியை விட்டு வேலைக்குப் போன சிறுவன் அதில் இல்லை.

புகை மட்டும் பார்ப்பது

அமெரிக்க, ஆங்கிலேய ஆய்வுகளைப் படித்துப் பழகியவர்கள் இந்தியாவுக்கும் சிகரெட் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார்கள். இங்கே 2016-17 கேட்ஸின்படி புகைப்பவர்கள் 10.7 சதவீதம், புகையற்ற புகையிலை பயன்படுத்துவோர் 21.4 சதவீதம். இரண்டையும் செய்பவர்களும் உண்டு. சிகரெட்டைவிடப் பீடியே அதிகம். பீடியை நிறுத்திவிட்டு கைனிக்கு மாறியவரைப் "புகைப்பதை விட்டவர்" என்று எழுதுவது கணக்கின்படி சரியாக இருக்கலாம். அவருடைய வாய்ப்புற்று ஆபத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. விட்டவர் என்று எண்ணும் முன், எல்லாப் புகையிலையையும் விட்டாரா என்று பார்க்க வேண்டும்.

நாடுகளை ஒப்பிடும்போது வரையறையும் உதைக்கும். அமெரிக்காவில் வாழ்நாளில் 100 சிகரெட்டாவது புகைத்து, இப்போதும் தினமுமோ சில நாட்களோ புகைப்பவரே புகைப்பவர். கேட்ஸில் அந்த 100 என்ற வரம்பு இல்லை.

விட்டார் என்றால் எத்தனை நாள்?

புகையிலையை விடுவதைக் கணக்கிடுவதுதான் இந்த ஆய்வுகளில் மிகக் கடினமான பகுதி. புகைப்பதை நிறுத்துகிறவர்களில் பெரும்பாலோர் முதல் சில வாரங்களுக்குள் மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள். எனவே "இப்போது புகைப்பதில்லை" என்ற பதிலுக்குள் நேற்று நிறுத்தியவரும் பத்தாண்டுகளுக்கு முன் நிறுத்தியவரும் சேர்ந்தே இருக்கிறார்கள். ஆராய்ச்சிகளில் ஆறு மாதம் தொடர்ந்து தொடாமல் இருப்பதை ஓர் அளவாக வைப்பது இதனால்தான்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் களப்பணி செய்பவர்கள் கார்த்திகை, மார்கழி மாதங்களை நினைவில் வைக்க வேண்டும். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் 41 நாள் விரதத்தில் பீடி, சிகரெட்டைத் தொடமாட்டார். அந்த நாட்களில் அவரிடம் போய்க் கேட்டால், அவர் உண்மையாகவே "இல்லை" என்பார். ரமலான் மாதத்தின் பகற்பொழுதுகளும் பதில்களைப் பாதிக்கக்கூடியவை. இப்படிப்பட்ட நிறுத்தத்தை வெறும் பிழையாகத் தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. 41 நாள் தொடாமல் இருக்க முடிந்தவருக்கு, மாலை கழற்றும் நாளில் கைகொடுக்க யாராவது இருந்தால் அது நிரந்தரமாகலாம். ஆனால் ஆய்வில் "எவ்வளவு நாளாக", "எதனால்" என்ற கேள்விகள் இருந்தால்தான் அவரை அடையாளம் காண முடியும்.

நினைவும் ஏமாற்றும். ஓராண்டுக்குள் எத்தனை முறை விட முயன்றீர்கள் என்று கேட்டால், ஒரு நாள் இரண்டு நாள் நீடித்துத் தோற்ற முயற்சிகள் மறந்துபோகின்றன. நீண்ட முயற்சிகளே நினைவில் நிற்கின்றன. விளைவு, முயன்றவர் தொகை குறைந்தும், வென்றவர் விகிதம் கூடியும் தெரியும். இங்கிலாந்தில் 2006 முதல் மாதந்தோறும் புதிய ஆட்களைக் கேட்டு நடத்தப்படும் ஆய்வு, அண்மைய முயற்சிகளைத் தனியே பிரித்துப் பார்க்க வழி தருகிறது.

சத்தமில்லாமல் நுழையும் இன்னொரு தவறு வகுக்கும் எண்ணில் இருக்கிறது. "விட முயன்றவர் எத்தனை சதவீதம்" என்று தரவுக்கோப்பில் தேடும் மாணவர், இப்போது புகைப்பவர்களை மட்டும் எடுத்துக்கொள்வார். முயன்று வெற்றிபெற்றவர்கள் இப்போது புகைப்பவர்கள் அல்லவே! அவர்கள் கணக்கிலிருந்தே விழுந்துவிடுவார்கள். மிஞ்சுவது தோல்விகள் மட்டும். கேட்ஸ் இதைத் தவிர்க்க, இப்போது புகைப்பவர்களோடு கடந்த 12 மாதங்களுக்குள் நிறுத்தியவர்களையும் சேர்த்தே வகுக்கிறது.

மாநில எண்களும் எடைகளும்

கேட்ஸ் இரண்டாம் சுற்றில் 30 மாநிலங்களிலும் 2 ஒன்றியப் பகுதிகளிலும் சேர்த்து 74,037 பேர் பேட்டி கொடுத்தார்கள். சராசரியாக ஒரு மாநிலத்துக்கு 2,300 பேர். தேசியச் சராசரிப்படியே வைத்தால் அவர்களில் புகைப்பவர்கள் 250 பேர் அளவில் இருப்பார்கள். விட முயன்றவர்கள் நூற்றுக்கும் குறைவு. அந்த நூறு பேரை வைத்து ஏதாவது ஒரு விகிதம் சொன்னால், இருபக்கமும் 10 புள்ளிகள் வரை விலகும். ஆட்களைத் தெரு தெருவாகக் கொத்தாக எடுப்பதால் உண்மையில் அதைவிடவும் கூடும். அந்த நூறையும் ஆலோசனை பெற்றவர், மருந்து எடுத்தவர், தானே விட்டவர் என்று பிரித்து மாநிலவாரியாக அட்டவணை போடுவது, காற்றில் எழுதுவதற்குச் சமம்.

தமிழ்நாட்டின் மொத்தப் புகையிலைப் பயன்பாடு முதல் சுற்றில் 16.2 சதவீதமாகவும் இரண்டாம் சுற்றில் 20 சதவீதமாகவும் இருந்தது. நாடு இறங்கும்போது இங்கே ஏறியிருக்கிறது. இதைக் கவலையோடுதான் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டு புள்ளிகளை வைத்து "ஆண்டுக்கு அரை புள்ளி வீதம் ஏறுகிறது" என்று எழுதுவது தவறு. இரு சுற்றுகளின் நம்பக வரம்புகளையும் (உண்மையான எண் எந்த இடைவெளிக்குள் இருக்கலாம் என்பதையும்), எந்தப் பொருள் கூடியது என்பதையும் பார்த்த பிறகே பேச வேண்டும்.

ஒவ்வொரு பதிலும் எத்தனை பேருக்காகப் பேசுகிறது என்று காட்டும் எடைகளைப் போடாமல் தரவை அப்படியே கூட்டுவதும் நடக்கிறது. சிறிய மாநிலங்களும் ஒப்பிடத்தக்க அளவில் மாதிரி பெறுவதால், புகையிலை பயன்படுத்துவோர் 64.5 சதவீதம் உள்ள திரிபுராவும் 9.7 சதவீதம் உள்ள கோவாவும் தங்கள் மக்கள்தொகைக்கு மீறிய குரல் பெற்றுவிடும்.

யாருக்குப் புகழ் போகிறது

பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் என்ற விதி 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கேட்ஸ் இரண்டாம் சுற்றின் களப்பணி அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. ஏழாண்டுக் குறைவை இந்தச் சில மாதங்களின் கணக்கில் எழுத முடியாது. அந்தப் படங்கள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. அவற்றைப் பார்த்து விட நினைத்ததாகச் சிகரெட் புகைப்பவர்களில் 62 சதவீதம் பேரும் பீடி புகைப்பவர்களில் 54 சதவீதம் பேரும் சொன்னார்கள். நினைத்தார்கள், அவ்வளவுதான் அந்தக் கேள்வி கேட்டது.

இறுதியாக, உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய தவறு. விட முயன்றவர்களில் ஆலோசனையோ மருந்தோ இல்லாமல் தாமே முயன்றவர்கள்தான் இந்தியாவில் மிகப் பெரும்பான்மை. தரவில் இவர்களையும் நிகோடின் மிட்டாய், மாத்திரை பயன்படுத்தியவர்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால், தாமே விட்டவர்கள் கூடுதலாக வென்றதுபோல் தெரியலாம். "மருந்தால் பயனில்லை" என்ற தலைப்பு அங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால் மருந்தை நாடுகிறவர்கள் யார்? பலமுறை தோற்றவர்கள், கடும் அடிமைத்தனத்தில் இருப்பவர்கள். காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடியைப் பற்றவைக்கிறார் என்ற கேள்வி கேட்ஸில் இருக்கிறது. பழக்கத்தின் ஆழத்தைக் காட்டும் மிக நல்ல கேள்வி அது. அந்தப் பதிலை வைத்து ஒத்த நிலையில் உள்ளவர்களை மட்டும் ஒப்பிடாமல் மருந்தைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது. கண் விழித்த ஐந்தாம் நிமிடம் பீடி தேடுகிற ஒருவர் அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு, அரசு மருத்துவமனையின் விடுவிப்பு மையத்துக்குப் போகாமலே இருந்துவிடுவார்.