தையல் போட்ட காயம்: வெட்டுப்பட்டதிலிருந்து பிரிக்கும் வரை

பிசான நெல் அறுப்பில் பன்னரிவாள் விரலில் இறங்குவதும், பீடி இலை வெட்டும்போது கத்தரி பட்டுக் கிழிவதும் நம்ம பக்கம் வழக்கம். உடனே சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி பெருகும். நின்றதும் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். அவ்வளவையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் தைக்க வேண்டியிருக்கும்.

வாய் பிளந்து நிற்கிற காயத்துக்கும், உள்ளே கொழுப்பு தெரிகிற காயத்துக்கும் தையல் வேண்டும். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் போய்விடுவது நல்லது. விரல் மடங்கவில்லை, நுனி மரத்துப்போய்விட்டது என்றால் தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம். தாமதிக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயல் சேறு பட்ட காயமா, கடைசியாக டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு 5 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதா, இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நாய்க்கடி என்றால் முதலில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அதைப் பெரும்பாலும் அன்றைக்கே தைக்க மாட்டார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியில் ஒரு தவணையும் விடக்கூடாது.

தைத்த பிறகு 24 மணி நேரம் நனைக்காதீர்கள். மறுநாளிலிருந்து தண்ணீர் பட்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்தால் போதும். ஆனால் ஆற்றிலோ குளத்திலோ முங்கிக் குளிப்பது தையல் பிரித்து, ஊசித் துளைகள் மூடிய பிறகுதான்.

முட்டை, மீன் தின்றால் சீழ் வைக்கும் என்று பத்தியம் வைக்கிறார்களே, அது கெடுதல். சீழ் வைப்பது கிருமியால். தோல் கூடுவதற்குப் புரதம் வேண்டும். முட்டையும் சாளை மீனும் பாசிப்பயறும் தாராளமாகக் கொடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பதுதான் பாதி வைத்தியம்.

தையல் ஓரத்தில் லேசான சிவப்பு இருப்பது சாதாரணம். மூன்றாம் நாள் வலி குறையாமல் விண்விண்ணென்று தெறித்தாலோ, சிவப்பு பரவினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

பிரிக்கும் கணக்கு: முகம் 5 நாள், தலையும் கையும் 7 முதல் 10, காலும் மூட்டும் 10 முதல் 14. முகத்தில் நாள் தள்ளினால் ஏணிப்படி மாதிரி தழும்பு விழும். வீட்டில் பிளேடால் அறுக்காதீர்கள். நர்ஸ் முடிச்சைத் தூக்கி, தோலை ஒட்டி நூலை வெட்டி, காயத்தின் கோட்டுப் பக்கமாக இழுப்பார். அப்போதுதான் வெளியே கிடந்த அழுக்கு நூல் உள்ளே போகாது, காயமும் பிளக்காது. முதலில் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்து, வாய் திறக்கிறதா என்று பார்ப்பார்.

பிரித்த அன்றைக்குத் தோலுக்குப் பழைய பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். இன்னும் மூன்று வாரம் வாழைத்தார் சுமப்பதும் மண்வெட்டி பிடிப்பதும் வேண்டாம்.