வசனத்தை விழுங்கும் இசை: மேடை நாடக ஒலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் இளைஞர்கள் போடும் நாடகங்களில் நடிப்புக்குக் குறைவே இல்லை. வசனம்தான் பல நேரங்களில் காதில் விழுவதில்லை. இசையமைப்பவர் பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போய், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சினிமாப் பின்னணி இசைபோல ஆரம்பம் முதல் முடிவு வரை நிரப்பிவிடுகிறார். இதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் இல்லை என்பேன். சினிமாவில் வசனத்துக்கு ஏற்ப இசையைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். மேடையில் நடிகருக்கு அவர் தொண்டைதான் துணை.

சத்தத்தைக் குறைத்தால் மட்டும் இது சரியாகிவிடாது. ஒரு சொல்லைப் பிரித்தறிய உதவும் மெய்யெழுத்து ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. நம் காது மிக நுட்பமாகக் கேட்பதும் ஏறக்குறைய அங்கேதான். ஆர்மோனியமும் நாதஸ்வரமும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தால் ‘க’வும் ‘த’வும் காணாமல் போகும். பேச்சுக்கு அடியில் இசை வேண்டுமென்றால் தாழ்ந்த சுருதி போதும். மெட்டை இரண்டு வசனங்களுக்கு இடையில் வையுங்கள். அந்த இடைவெளி எவ்வளவு என்பது ஒத்திகையில் உட்கார்ந்தால்தான் தெரியும். நடிகர்கள் பிரதி வாசிக்கும் முதல் நாளிலேயே இசையமைப்பவரும் அங்கே இருக்க வேண்டும்.

அடுத்தது, இடத்தைக் கேட்காமலே ஒலி சேர்ப்பது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் என்றதும் இணையத்திலிருந்து ஓர் அலையோசையை இறக்கிப் போட்டுவிடுகிறார்கள். துறைமுகத்துக்குள் அலைத்தடுப்புச் சுவர் இருக்கிறது. அங்கே அலை பெரிதாக அடிப்பதில்லை. விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். விசைப்படகின் டீசல் இன்ஜின், ஐஸ் உடைபடும் சத்தம், ஏலக் குரல்கள், காக்கைகள். இவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்தாலே காட்சி எழுந்து நிற்கும். பதிவு செய்ததை 20 விநாடிக்கு வெட்டித் திரும்பத் திரும்ப ஓட்டவும் கூடாது. அதே காக்கை அதே இடத்தில் மூன்றாம் முறை கரையும்போது பார்வையாளர் நாடகத்தை விட்டுவிட்டுக் காக்கையை எண்ணத் தொடங்கிவிடுவார். மூன்று நிமிடப் பதிவு ஒன்றையும் நாலேகால் நிமிடப் பதிவு ஒன்றையும் சேர்த்து ஓடவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

கானாவையும் இப்படித்தான் வீணாக்குகிறார்கள். வடசென்னைக் கதை என்பதற்கு அடையாளமாக அதைத் தொடக்கத்தில் ஒட்டிவிட்டுப் பிறகு மறந்துவிடுகிறார்கள். இறந்தவரை நினைத்து விடிய விடியப் பாடுகிற மரபு அதற்கு உண்டு. யார் பாடுகிறார், யாருக்காகப் பாடுகிறார் என்பது கதையில் இல்லையென்றால் கானா வேண்டாம்.

காலியான மண்டபத்தில் ஒலி அளவை முடிவு செய்யாதீர்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கும். ஆட்கள் நிறைந்ததும் அவர்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிவிடும். நாடகம் நடக்கும் அதே நேரத்தில் ஒரு நாள் அங்கே உட்கார்ந்து கேளுங்கள். கொருக்குப்பேட்டை தண்டவாளத்துக்குப் பக்கமென்றால் சரக்கு ரயில் உங்களைக் கேட்டுவிட்டு வராது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே மெல்லிய ஒலிகளை நம்பித் தெருவில் நாடகம் போட வேண்டாம். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தடை இருப்பதால், நேரத்தையும் அதற்கேற்ப வகுக்க வேண்டும்.

நீளமான தெருவில் 30 மீட்டர் தள்ளி இரண்டாவது ஸ்பீக்கர் வைப்பவர்கள் தாமதக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். பின்வரிசைக்காரருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் முதலிலும், மேடைக் குரல் கிட்டத்தட்ட 90 மில்லி விநாடி கழித்தும் கேட்டு, ஒவ்வொரு சொல்லும் இரட்டிக்கும். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இரண்டாவது ஸ்பீக்கருக்கு அந்த அளவு தாமதம் வைக்கச் சொல்லுங்கள்.

பறை இருந்தால் கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளரும். காட்சிக்கு முன் காய்ச்ச நெருப்பும் இடமும் வேண்டும். போனில் ஒலி ஓட்டுபவர் அழைப்பு வராதபடி செய்துவிட வேண்டும்.

கடைசியாக, ஒலியை இயக்குபவருக்கான குறிப்பு. அதை வசனத்தோடு மட்டும் கட்டிவைப்பது ஆபத்து, ஏனென்றால் நடிகர் வசனத்தை விழுங்கிவிடலாம், மாற்றிச் சொல்லலாம். ‘அம்மா கூடையை இறக்கியதும் இன்ஜின் ஓசை’ என்று செயலோடு சேர்த்து எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள், அடுத்த ஒத்திகையில் அம்மா கூடையை இறக்காமலே பேசத் தொடங்கலாம்.