சிறிய அணு உலையில் மண்ணையும் நகத்தையும் சோதிக்கும் முறை

ஜமைக்காவின் மோனாவில், மேற்கிந்தியப் பல்கலைக்கழக வளாகத்தில் 1984 முதல் ஸ்லோபோக்-2 என்ற சிறிய ஆராய்ச்சி அணு உலை ஒன்று இயங்குகிறது. திறன் 20 கிலோவாட்தான். மாதிரிமேல் நியூட்ரானைப் பாய்ச்சிக் கதிரியக்கமூட்டி, அது விடும் காமா கதிரைக் கொண்டு எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளப்பதே அங்கே முக்கிய வேலை. தீவின் நடுப்பகுதிப் பாக்சைட் (அலுமினியத் தாது) மண்ணில் காட்மியம் மிகுந்திருப்பதை அங்குள்ள மண் ஆய்வுகள் காட்டின.

மண்ணை 40 டிகிரிக்கு மேல் சூடாக்காமல் உலர்த்துங்கள். மீறினால் பாதரசம் ஆவியாகிவிடும். பித்தளைச் சல்லடை வேண்டாம், நைலான் போதும். அகேட் என்னும் கடினக் கல்லால் ஆன உரலில் பொடித்து, சுமார் 200 மில்லிகிராம் எடையிட்டு, பாலித்தீன் குப்பியில் அடைத்து, அதை இன்னொரு குப்பிக்குள் வையுங்கள். வெறும் விரல் பட்டால் வியர்வையின் சோடியமும் குளோரினும் ஒட்டிக்கொள்ளும். கால் நகமானால் அசிட்டோன், நீர், அசிட்டோன் என்று மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். எஃகுக் கத்தரி பட்ட இடத்தில் குரோமிய அளவை நம்பாதீர்கள்.

அலுமினியம், வெனேடியம் இரண்டுக்கும் ஒரு நிமிடத்துக்குள்ளான கதிர்வீச்சே தாராளம். பாக்சைட் மண்ணில் சிக்கல் இங்கேதான். கதிரியக்க அலுமினியம்-28, காமா கதிரை அளக்கும் டிடெக்டரையே திணறடித்து, வெனேடியத்தின் 1434 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உச்சத்தை (அளவீட்டு வரைபடத்தில் அந்தத் தனிமத்தைக் காட்டும் முகட்டை) மூழ்கடிக்கும். பத்து நிமிடம் பொறுங்கள்: அலுமினியம் (அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறையும் நேரம், 2.24 நிமிடம்) ஏறத்தாழ இருபத்திரண்டில் ஒரு பங்காகும், வெனேடியம் ஆறில் ஒரு பங்குக்குத்தான் இறங்கும். டெட் டைம் (டிடெக்டர் புதிய கதிரைப் பதிய முடியாமல் இருக்கும் நேரம்) அப்போதும் 10 சதவீதம் தாண்டினால், குப்பியை டிடெக்டரிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஆர்சனிக், காட்மியத்துக்கு நான்கு மணி நேரக் கதிர்வீச்சு. பிறகு நான்கு நாள் காத்திருப்பு. அதற்குள், அளவீட்டுக்கு இடைஞ்சலான கதிரியக்கச் சோடியம்-24 எண்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆர்சனிக்கின் 559 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உச்சத்துக்கு இருபுறமும் புரோமின் 554-இலும் ஆண்டிமனி 564-இலும் நிற்கும். மூன்று உச்சங்களுக்கும் சேர்த்தே வளைகோடு பொருத்தி அளவைப் பிரியுங்கள். ஆர்சனிக் உச்சத்தை மட்டும் தனியாகக் கூட்டினால் ஆர்சனிக் பொய்யாக ஏறும். பாதரசத்தின் 279 உச்சத்தில் செலினியமும் கலந்திருக்கும், அதன் 265 உச்சத்தை வைத்துக் கழியுங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒப்பிட்டுச் சரிபார்க்க, தனிம அளவுகள் சான்றளிக்கப்பட்ட ஒரு மண் மாதிரியும் ஒரு காலிக் குப்பியும் கட்டாயம். ஈயம் இந்த முறையில் அகப்படாது. அதற்கு எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவிக்குப் போங்கள்.