ரேப் (wrap) பாக்கெட்டில் கலோரியைச் சரியாகக் கணக்கிட
ரொட்டிக்குள் இறைச்சியும் சீஸும் வைத்துச் சுருட்டி விற்கும் ரேப் பாக்கெட்டில் போட்டிருக்கும் கலோரி பல நேரம் முழு ரேப்புக்கானது அல்ல. 100 கிராமுக்கோ, பாதி ரேப்புக்கோ உரியதாக இருக்கும். 100 கிராமுக்கு 240 கலோரி, நிகர எடை 220 கிராம் என்றால் நீங்கள் சாப்பிடுவது 528. கணக்கை ஏற்றுவது பெரும்பாலும் இறைச்சி அல்ல. 10 அங்குல மைதா ரொட்டி மட்டுமே சுமார் 200, செடார் சீஸ் 28 கிராமுக்குச் சுமார் 110, மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டிக்கு 90க்கு மேல். சாஸ் தனிப் பொட்டலமாக வந்தால் பாதி போதும், ருசி ஒன்றும் கெடாது. சோடியத்தையும் பாருங்கள்: நாளுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹாம், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியோடு சீஸும் சேர்ந்தால், ஒரே ரேப்பில் அதில் பாதி போய்விடலாம்.