ஹாம் ரேடியோவுக்கு எர்த் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் பாம்பனில், ஹாம் ரேடியோ எனும் பொழுதுபோக்கு வானொலித் தொடர்புக்குப் புதிதாக உரிமம் பெற்ற தம்பி ஒருவர் தம் ரேடியோ அறையைக் காட்டினார். ஜன்னலுக்குக் கீழே மணலில் எர்த்துக்காகத் தனியாக அடித்திருந்த செம்பு ராடைக் (தண்டைக்) கண்டதும், மண்டபத்தில் என் வீட்டில் நான் முன்பு செய்த அதே பிழை கண்முன் வந்து நின்றது. எல்லோருக்கும் தெரிந்த சிறு தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

ரேடியோவுக்கென்று தனி எர்த்

"வீட்டு எர்த்தில் இரைச்சல் வருது அண்ணே, அதனால இதைத் தனியா வச்சிருக்கேன்" என்றார். எத்தனை முறை கேட்டாலும் இந்தப் பேச்சை என்னால் பொறுக்க முடிவதில்லை. ஒருகாலத்தில் நானும் இதையே நம்பினேன். ஓர் ஐப்பசி இரவில் கொல்லைப் பனையில் இடி விழுந்தது. ஆண்டெனாவை அது தொடவே இல்லை. காலையில் பவர் சப்ளையைத் திறந்தால், போர்டின் செம்புத் தடம் உரிந்து சுருண்டு கிடந்தது. ப்ளக்கின் எர்த் பின் கருகியிருந்தது.

இடி விழுந்த இடத்தை ஒட்டிய மண்ணின் மின்னழுத்தம் மிக உயர்ந்து, தூரம் கூடக்கூடக் குறையும். பனையருகே இருந்த என் ராடு உயர்ந்த அளவுக்கு, வாசல் பக்கம் இருந்த வீட்டு எர்த் உயரவில்லை; இரண்டுக்கும் நடுவே பாதையாக இருந்தது ரேடியோ மட்டுமே. ஆண்டெனாவிலேயே விழுந்தால் இன்னும் மோசம்: 10 ஓம் தடையுள்ள ராடில் 20,000 ஆம்பியர் பாய்ந்தால் 2,00,000 வோல்ட் எழும்.

ஆகவே ராடுகள் எத்தனை இருந்தாலும், அவற்றையெல்லாம் 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியால், வீட்டுக்கு வெளியிலேயே, வீட்டு எர்த்தோடு இணைத்தாக வேண்டும். ஆண்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிள்கள் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு செம்புத் தகட்டை வைத்து, மின்னல் தடுப்பான்களை அதில் பொருத்தி, அந்தத் தகட்டையும் இதே இணைப்பில் சேர்க்க வேண்டும். இரைச்சலை அடக்க, கேபிளில் மாட்டும் ஃபெரைட் எனும் காந்தப் பொருள் வளையம் இருக்கிறது; அதற்காக எர்த்தைப் பிரிக்கக் கூடாது.

மாடியிலிருந்து இறங்கும் கம்பி

ரேடியோ மாடியில் இருந்தால், அங்கிருந்து மண்ணுக்கு இறங்கும் 5 மீட்டர் எர்த் கம்பி 14 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ கால் அலைநீளம். கீழ்முனை மண்ணில் நன்றாக ஊன்றியிருந்தாலும், மேல்முனையில் அந்த அலைவரிசைக்கு எர்த் இல்லாதது போலவே ஆகிவிடும். பேசும்போது மைக் உதட்டைச் சுடும். பாதுகாப்புக்கு அந்தக் கம்பி இருக்கட்டும். ரேடியோ அலைக்கு, ஆண்டெனாவின் அடியிலிருந்து சுற்றிலும் ஆரம் போலப் பரவும் ரேடியல் கம்பிகளை விரியுங்கள்.

காய்ந்த மணல்

ஈரம் தட்டும் ஆழம்வரை ராடு இறங்க வேண்டும். கார்த்திகை மழையில் எடுத்த எர்த் தடை அளவை நம்பாமல், சித்திரையில் அளந்து பாருங்கள்.

ஈயப் பற்று

எர்த் இணைப்பில் வைத்த ஈயப் பற்று மின்னலில் உருகிவிடும், கிளாம்பு போடுங்கள்.

செம்பும் ஜி.ஐ.யும்

செம்பையும் ஜி.ஐ. எனும் துத்தநாகம் பூசிய இரும்பையும் நேரடியாகச் சேர்த்தால், நம் கடற்காற்றில் துத்தநாகப் பூச்சு முதலில் அரித்துப் போகும். இடையே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் வைத்து இறுக்கி, ஒவ்வொரு புரட்டாசியிலும் மழைக்கு முன்னே திறந்து பாருங்கள்.

தண்ணீர்க் குழாய்

பிளாஸ்டிக் குழாயில் எர்த் கிடைக்காது.