டிஸ்க் இல்லாத லேப்: நெட்வொர்க் பூட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கம்ப்யூட்டர் லேபில் முதலில் மண்டையைப் போடுவது ஹார்ட் டிஸ்க்தான். இருபத்து நான்கு மெஷினுக்கும் புது எஸ்எஸ்டி வேண்டும் என்று கேட்டால் நிர்வாகம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போது யாராவது ஒருவர், "டிஸ்க்கே வேண்டாம் சார், எல்லாத்தையும் சர்வர்லேர்ந்தே பூட் பண்ணிடலாம்" என்பார். எங்கள் லேபில் அப்படிச் சொன்னவன் நான்தான். யோசனையில் தவறில்லை. அரை நாள் வேலை என்று சேர்த்துச் சொன்னதுதான் தவறு. ஐந்து நாள் ஆனது. அதில் நான்கு நாள் கோளாறு இல்லாத இடத்தில் கோளாறைத் தேடினேன்.

இதில் வேலை நான்கு கை மாறுகிறது. நெட்வொர்க் கார்டில் இருக்கும் பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியாகப் பூட் செய்யும் சிறு நிரல்) முதலில் டிஎச்சிபியிடம் (மெஷின்களுக்கு முகவரி கொடுக்கும் சேவை) ஐபி முகவரியையும், எந்த சர்வரில் எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்பதையும் கேட்கும். பிறகு டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக அந்தக் கோப்பை இறக்கும். அதுதான் பூட் லோடர். அது லினக்ஸின் மையமான கெர்னலையும், தொடக்கத்துக்குத் தேவையான கோப்புகள் அடங்கிய இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் கொண்டுவரும். கடைசியில் கெர்னல் எழுந்து, சிஸ்டத்தின் எல்லாக் கோப்புகளும் இருக்கும் ரூட் ஃபைல் சிஸ்டத்தை என்எஃப்எஸ் (சர்வரின் டைரக்டரியை நெட்வொர்க்கில் பகிரும் முறை) வழியாக மவுன்ட் செய்யும். எந்தக் கையில் நின்றது என்று பார்க்காமலே கான்ஃபிக் கோப்பைத் திறந்து மாற்ற ஆரம்பிப்பதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு.

பயாஸ் மெஷின் என்றால் திரையே பாதி சொல்லிவிடும். பிஎக்ஸ்இ-இ51 வந்தால் டிஎச்சிபி பதிலே வரவில்லை. இ53 என்றால் பதில் வந்தது, ஆனால் அதில் கோப்பின் பெயர் இல்லை. இ32 என்றால் பெயர் கிடைத்தும் டிஎஃப்டிபி சர்வர் வாய் திறக்கவில்லை. மீதிப் பாதியை, நெட்வொர்க்கில் போய்வருவதைக் காட்டும் டிசிபிடம்ப் சர்வரில் சொல்லும். 67, 68 (டிஎச்சிபி), 69 (டிஎஃப்டிபி) போர்ட்களைக் கவனிக்கச் சொல்லி ஓடவிட்டு, மெஷினை ஆன் செய்து பாருங்கள். நான் இதை நான்காவது நாள்தான் செய்தேன்.

எங்களுக்கு வந்தது இ51. டிஎச்சிபி கான்ஃபிக்கை மூன்று முறை அழித்து எழுதினேன். டிசிபிடம்ப்பில் பார்த்தால், மெஷினின் கேள்வியே சர்வருக்கு வந்து சேரவில்லை! குற்றவாளி சுவிட்ச். ஸ்பானிங் ட்ரீ (கேபிள் லூப்பைத் தடுக்கும் வசதி) ஓடும் மேனேஜ்டு சுவிட்சில் ஒரு போர்ட் உயிர் பெற்றதும், லூப் இருக்கிறதா என்று பார்க்க 15 வினாடி, எந்த முகவரி எந்தப் போர்ட்டில் என்று கற்றுக்கொள்ள இன்னொரு 15 வினாடி என்று அரை நிமிடம் எதையும் கடத்தாது. அதற்குள் பிஎக்ஸ்இ கத்திக் களைத்துவிடும். மெஷின் இருக்கும் போர்ட்களில் போர்ட்ஃபாஸ்ட் அல்லது எட்ஜ் போர்ட் என்ற அமைப்பைப் போட்டால் சரியாகிவிடும். சந்தேகம் தீர எளிய வழி ஒன்று உண்டு: மெஷினுக்கும் அந்த சுவிட்சுக்கும் நடுவில் ஒரு மலிவான சாதாரண சுவிட்சைச் செருகிப் பாருங்கள். உடனே பூட் ஆனால் சிக்கல் இதுதான்.

அடுத்தது, ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டிஎச்சிபி. இன்டர்நெட் ரவுட்டரும் முகவரி கொடுக்கிறது, உங்கள் சர்வரும் கொடுக்கிறது. எது முந்துகிறதோ அதன்படி ஒரு நாள் பூட் ஆகும், மறுநாள் ஆகாது. ரவுட்டரில் கை வைக்க அனுமதி இல்லை என்றால் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய டிஎச்சிபி மென்பொருளை ப்ராக்ஸி முறையில் ஓட்டலாம். முகவரியை ரவுட்டரே கொடுக்கும். பூட் தகவலை மட்டும் டிஎன்எஸ்மாஸ்க் சேர்த்துக் கொடுக்கும்.

மெஷினை முதலில் எழுப்பும் ஃபர்ம்வேர் பழையதில் பயாஸ், புதியதில் யுஇஎஃப்ஐ என்று லேபில் கலந்து கிடக்கும். இரண்டுக்கும் ஒரே பூட் கோப்பைக் கொடுத்தால் ஏதோ ஒரு பக்கம் படுத்துவிடும். மெஷின் தான் எந்த வகை என்பதை டிஎச்சிபி கேள்வியிலேயே ஆப்ஷன் 93 மூலம் சொல்கிறது. பயாஸ் என்றால் 0, 64 பிட் யுஇஎஃப்ஐ என்றால் வழக்கமாக 7. அதைப் பார்த்துப் பொருத்தமான கோப்பைக் கொடுக்கும்படி எழுதுங்கள். செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கும் மெஷின், கையொப்பமில்லாத பூட் லோடரை ஏற்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஐபிஎக்ஸ்இ (கூடுதல் வசதிகள் கொண்ட பிஎக்ஸ்இ மென்பொருள்) பயன்படுத்துபவர்களுக்கென்றே ஒரு வட்டச் சுழல் காத்திருக்கிறது. ஐபிஎக்ஸ்இ எழுந்ததும் மறுபடி டிஎச்சிபியிடம் போகும். சர்வர் மறுபடி அதே ஐபிஎக்ஸ்இ கோப்பையே நீட்டும். திரையில் அதே வரவேற்பு வரி வந்துகொண்டே இருக்கும். கேட்பது ஐபிஎக்ஸ்இ என்றால் கோப்புக்குப் பதில் ஸ்கிரிப்ட்டைக் கொடு என்று டிஎச்சிபியில் ஒரு நிபந்தனை போட்டால் சுழல் நிற்கும்.

டிஎஃப்டிபி மிக எளிமையான ஆசாமி. இயல்பாக 512 பைட் அனுப்பிவிட்டு, வந்ததா என்று பதில் கேட்டுக் காத்திருந்துதான் அடுத்த 512ஐ அனுப்பும். பிளாக் எண் 16 பிட் என்பதால் அந்த அளவில் சுமார் 32 எம்பியோடு எண் தீர்ந்துவிடும். எண்ணைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கத் தெரியாத மென்பொருள் அங்கேயே நிற்கும். இன்றைய இனிட்ராம்எஃப்எஸ் சாதாரணமாகவே அதைத் தாண்டும். எனவே பூட் லோடரை மட்டும் டிஎஃப்டிபியில் கொடுத்துவிட்டு, மற்றதை ஐபிஎக்ஸ்இ மூலம் எச்டிடிபியில் இறக்குவது நல்லது. ஃபயர்வாலில் 69ஐ மட்டும் திறந்து வைப்பவர்களும் உண்டு. கேள்விதான் 69க்கு வரும், தரவு வேறொரு போர்ட்டிலிருந்து போகும்.

சரி, கெர்னல் எழுந்துவிட்டது. கை தட்ட வேண்டாம், மோசமான தவறுகள் இனிமேல்தான்.

ஒரே ரூட் டைரக்டரியை எல்லா மெஷினுக்கும் எழுதும் உரிமையோடு கொடுத்துவிடுவதுதான் அவற்றில் பெரியது. ஒரு மெஷினில் சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கும். இரண்டாவதை ஆன் செய்ததும் இரண்டும் ஒரே லாக் கோப்பில் எழுதும், மெஷினுக்கு மெஷின் வேறுபட வேண்டிய அடையாளமான மெஷின்-ஐடியையும் ஒன்றாகவே சொல்லும். சில அமைப்புகளில் டிஎச்சிபி அடையாளமே அந்த ஐடியிலிருந்துதான் உருவாகிறது என்பதால் இரண்டுக்கும் ஒரே ஐபி போய் அடித்துக்கொள்ளும். ரூட்டைப் படிக்க மட்டும் கொடுங்கள். மாற்றங்களை ஓவர்லே (ரூட்டின் மேல் விரிக்கும் தற்காலிக அடுக்கு) போட்டு ராமில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின்-ஐடி ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக உருவாகட்டும். டிஸ்க் இல்லாத லேப்களுக்கான எல்டிஎஸ்பி மென்பொருள் இந்த வழியில்தான் ஸ்குவாஷ்எஃப்எஸ் இமேஜைப் (ரூட் முழுவதையும் சுருக்கி வைத்த, படிக்க மட்டுமான ஒரே கோப்பு) பயன்படுத்துகிறது. ஆனால் அந்த ராம் தீரும். 2 ஜிபி மெஷினில் பிரவுசரின் கேஷ் ஓவர்லேயில் போய் நிரம்பினால் மாலைக்குள் மெஷின் உறைந்துவிடும். மாணவர்களின் ஹோம் டைரக்டரி சர்வரில் தனியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ரீபூட்டோடு ரெக்கார்டு நோட் புரோகிராம்களும் போய்விடும்.

அப்டேட் செய்யும்போது இன்னொரு பள்ளம். இமேஜுக்குள் கெர்னல் புதிதாகிவிடும், டிஎஃப்டிபி டைரக்டரியில் பழையதே கிடக்கும். பழைய கெர்னல் தன் மாட்யூல்களை (டிரைவர் கோப்புகள்) தேடினால் இமேஜில் இருக்காது. சவுண்டு வராது, யுஎஸ்பி வேலை செய்யாது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மாணவர்கள் உட்கார்ந்திருக்கும்போது என்எஃப்எஸ் ரூட்டில் நேரடியாக அப்டேட் ஓட்டவே ஓட்டாதீர்கள். கோப்புகள் காலடியிலிருந்து உருவப்படும், திரையெங்கும் "ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்" என்று வரும்.

அப்புறம், கணக்கு. ஒரு மெஷின் பூட் ஆக 300 எம்பி இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபத்து நான்கு மெஷின் என்றால் 7.2 ஜிபி. சர்வரின் கேபிள் ஜிகாபிட் என்றால் ஒரு நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். நடுவில் எங்காவது 100 எம்பிபிஎஸ் சுவிட்ச் ஒளிந்திருந்தால் அதே வேலைக்குப் பதினொரு நிமிடம் போல ஆகும். ஒன்பது மணி வகுப்பில் பதினொரு நிமிடம் என்பது மிக நீளம். ஒரு மெஷினை வைத்துச் சோதித்துவிட்டு வீட்டுக்குப் போனால் இது தெரியவே தெரியாது.

கரண்ட் விஷயத்தை யாரும் முன்னால் யோசிப்பதில்லை. கரண்ட் போய் வந்ததும் மெஷின்கள் தாமாக எழும்படி பயாஸில் வைத்திருந்தோம். அவை எழுந்து சர்வரைக் கூப்பிட்டன. சர்வரோ இன்னும் தன் டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. பதில் இல்லாமல் இருபத்து நான்கும் "பூட் டிவைஸ் இல்லை" என்று நின்றன. சர்வருக்கு ஒரு யுபிஎஸ் வாங்கினோம். அடுத்த முறையும் அதே கதைதான், சுவிட்சை அதே யுபிஎஸ்ஸில் சொருக மறந்திருந்தோம்.