சேலத்திலிருந்து வரும் தகவல் எங்கே தொலைகிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பொறியியல் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம். இரண்டுமே மாணவரிடம் நேரடியாகப் பேசுவது குறைவு. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் சுற்றறிக்கை அனுப்புவார். அது கல்லூரி முதல்வர், துறைத் தலைவர், வகுப்பு ஆசிரியர் என்று இறங்கி, கடைசியில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும். பெரும்பாலான தவறுகள் இந்த வழியில்தான் நடக்கின்றன.

முதல் தவறு சேர்க்கை நாளிலேயே நடந்துவிடுகிறது. அரூரிலோ பென்னாகரத்திலோ பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடுகிறோம். மெயில் ஐடி கேட்டால் இல்லை என்கிறோம், கடைக்காரர் தன்னுடையதையே போட்டுவிடுகிறார். போன் நம்பர் சித்தப்பாவுடையது. அப்புறம் ஓடிபி, பாஸ்வேர்டு, உதவித்தொகை விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்ட செய்தி எல்லாம் அங்கேதான் போகும். சித்தப்பா ஓசூரில் கம்பெனி ஷிப்டில் இருப்பார், போனை எடுக்க மாட்டார். கடைசி நாளும் போய்விடும். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஆதாரில் இருக்கும் போன் நம்பர் யாரிடம் இருக்கிறதென்றே தெரியாமல் வங்கிக்கும் கல்லூரிக்கும் அலைபவர்கள் உண்டு. முதல் வாரத்திலேயே சொந்த மெயில் ஐடி ஒன்றைத் தொடங்கி, அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஸ்கிரீன்ஷாட். தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் என்று ஒரு படம் வரும். மேலே தேதியும் கடித எண்ணும் வெட்டப்பட்டிருக்கும். அது போன செமஸ்டருடையதாகக்கூட இருக்கலாம். முழு சுற்றறிக்கையைக் கேளுங்கள், இல்லையென்றால் பல்கலைக்கழக இணையதளத்தில் பாருங்கள். அபராதம் இல்லாத கடைசி நாளும் அபராதத்தோடு கட்டும் கடைசி நாளும் பெரும்பாலும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். பார்வேர்டு செய்பவர் ஒன்றை மட்டும் சொல்வார்.

உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியா என்பதையும் கேட்டு வையுங்கள். தன்னாட்சி என்றால் தேர்வு, மதிப்பெண், மறுமதிப்பீடு எல்லாம் கல்லூரியே பார்க்கும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். இது தெரியாமல் சேலத்துக்கு பஸ் ஏறுவது வீண் அலைச்சல். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரி மாணவரும் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். பெயர்த் திருத்தம் போன்ற பல விண்ணப்பங்களை "முதல்வர் வழியாக" வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடிதமோ மெயிலோ எழுதும்போது பதிவு எண் இல்லாமல் எழுதாதீர்கள். "சார், என் ரிசல்ட் வரவில்லை" என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பதிவு எண், பாடக் குறியீடு, செமஸ்டர் மூன்றும் இருந்தால் போதும், நான்கு வரிக் கடிதமே வேலையை முடிக்கும்.

தவறு மாணவர் பக்கம் மட்டும் இல்லை. இரவு பத்து மணிக்கு ஆங்கிலத்தில் ஒரு பிடிஎஃப் போட்டுவிட்டு, "நாளைக்குள் கட்டவும்" என்று எழுதும் கல்லூரிகள் இருக்கின்றன. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை, அஞ்செட்டி மலைப்பக்கம் சிக்னல் தேடி அலையும் பிள்ளை, அதை எப்போது பார்க்கும்? என்ன செய்ய வேண்டும், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யாரைப் பார்க்க வேண்டும் என்று தமிழில் இரண்டு வரி சேர்த்து எழுதி, காலையில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டால் பாதிப் பேர் அலுவலக ஜன்னலில் வந்து நிற்க மாட்டார்கள்.